சாச்சுரேஷனைத் தொடும் முன்: படங்களில் நிறத்தைத் துலக்குவது எப்படி?

படம் மங்கலாக இருக்கிறது என்று பட்டதும் பெரும்பாலோர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். எடிட்டிங் செயலியைத் திறந்து, நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் சாச்சுரேஷன் பட்டையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிடுகிறார்கள். நெல்வயல் ரேடியம் பச்சையாகிறது. முகங்களில் மஞ்சள் அப்பியதுபோல் ஆகிறது. சிவப்புச் சேலையின் மடிப்புகள் மறைந்து சேலை ஒரே தகடாக நிற்கிறது. எடுத்தவருக்கே ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரியும். எது தப்பு என்றுதான் தெரியாது.

மங்கலான படங்களில் பெரும்பாலானவற்றில் நிறம் இருக்கத்தான் செய்கிறது. விளக்கின் மஞ்சளோ, நிழலின் நீலமோ, காற்றில் மிதக்கும் புகைமூட்டமோ அதை மூடிக்கொண்டிருக்கிறது. மூடியிருப்பதை முதலில் விலக்க வேண்டும். விலக்கிய பிறகு பார்த்தால் சாச்சுரேஷனைத் தொட வேண்டிய தேவையே பல படங்களில் இருக்காது. அதை எப்படிச் செய்வது, ஏன் அப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு ஜிம்ப் மென்பொருளை வைத்துக்கொள்வோம். 1996-இலிருந்து கிடைத்துவரும் இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். ஃபோட்டோஷாப், லைட்ரூம், கைப்பேசியில் ஸ்னாப்சீட் என்று நீங்கள் எதைப் பயன்படுத்தினாலும் அடிப்படை இதேதான். பட்டைகளின் பெயரும் இடமும் மட்டும் மாறும்.

நிறம் என்பது மூன்று எண்களின் விலகல்

டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்றும் 255 என்றால் வெள்ளை. இடையில் எந்த எண்ணாக இருந்தாலும் மூன்றும் சமமாக இருந்தால் சாம்பல். மூன்றும் ஒன்றையொன்று விட்டு எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு அடர்த்தி நிறத்துக்கு. நெருங்க நெருங்க நிறம் வெளிறிச் சாம்பலாகும். இனி வருவதெல்லாம் இந்த விலகலைப் பற்றியதுதான்.

மூன்று நிறங்களைக் கொண்டு மற்ற நிறங்களைக் காட்டலாம் என்பது கணினிக்கு மிக முந்திய யோசனை. 1861-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதைச் செய்துகாட்டினார். கட்டம்போட்ட ரிப்பன் ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியாகக் கறுப்புவெள்ளையில் படமெடுக்க வைத்து, மூன்றையும் அந்தந்த நிற வெளிச்சத்தில் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச்செய்தார். ரிப்பன் நிறத்தோடு தெரிந்தது. இன்று நம் கைப்பேசிக் கேமராவுக்குள்ளும் அதே வடிகட்டிகள்தான், பிக்சல் அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருக்கின்றன. கோடாக் நிறுவனத்தில் வேலைபார்த்த பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அடுக்குமுறை அது. அதில் சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்றால் பச்சைக்கு இரண்டு. வெளிச்சத்தின் ஏற்றஇறக்கத்தை நம் கண் பெரும்பாலும் பச்சையிலிருந்தே அறிகிறது என்பதால் இந்தக் கூடுதல் ஒதுக்கீடு. திரையில் தெரியும் ஒரு நிறத்தின் ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்குச் சுமார் 72 விழுக்காடும், சிவப்புக்கு 21-உம், நீலத்துக்கு வெறும் 7-உம் கொடுப்பது வழக்கம்.

பட்டையை இழுத்தால் உள்ளே என்ன நடக்கிறது

மேகமூட்டமான நாளில் எடுத்த வயல் படத்தில் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். சிவப்பு 110, பச்சை 130, நீலம் 90. மந்தமான பச்சை. மேலே சொன்ன விழுக்காட்டின்படி இதற்கு இணையான சாம்பல் தோராயமாக 123. சாச்சுரேஷனை இரட்டிப்பாக்கச் சொன்னால் மென்பொருள் ஒவ்வோர் எண்ணும் இந்த 123-ஐ விட்டு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அந்தத் தூரத்தை இரண்டால் பெருக்கும். விடை: சிவப்பு 97, பச்சை 137, நீலம் 57. நல்ல பச்சைதான், குறை ஒன்றுமில்லை.

அதே படத்தின் ஓரத்தில் குங்குமச் சிவப்புப் பட்டு உடுத்தி ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலையில் வெளிச்சம் விழும் இடம் 230, 40, 50. மடிப்பின் உட்பக்கம் 200, 35, 43. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தால்தான் மடிப்பு மடிப்பாகத் தெரிகிறது. இப்போது அதே கணக்கைப் போடுவோம். முதல் பிக்சலின் சிவப்பு 379 வரை போக வேண்டும். 255-க்கு மேல் இடமில்லை, அங்கேயே நின்றுவிடும். பச்சை 0-க்குக் கீழே போகும், 0-இல் நின்றுவிடும். ஆக 255, 0, 19. இரண்டாவது பிக்சலின் சிவப்பு 329. அதுவும் 255-இலேயே முட்டி நிற்கும். விடை 255, 0, 15. வெளிச்சம் விழும் இடமும் மடிப்பும் இப்போது ஏறத்தாழ ஒரே நிறம். சேலை தகடானது இப்படித்தான்.

எண்கள் இப்படி விளிம்பில் முட்டிக்கொள்வதைக் கிளிப்பிங் என்பார்கள். ஏற்கெனவே அடர்த்தியாக இருக்கும் நிறங்கள்தான் முதலில் பலியாகும். செம்பருத்தி, மஞ்சள் சாமந்தி, கோயில் குடை, ஆட்டோவின் மஞ்சள் எல்லாம் இந்த வகை. செலவாகிப்போன மடிப்பு பிறகு பட்டையை இடப்பக்கம் இழுத்தாலும் திரும்பாது.

இதற்கு மாற்றாகத்தான் வைப்ரன்ஸ் என்ற பட்டை வந்தது. ஏற்கெனவே அடர்த்தியாக இருக்கும் நிறத்தை அது அவ்வளவாகத் தொடாது. வெளிறியதைத்தான் அதிகம் ஏற்றும். லைட்ரூமிலும் ஃபோட்டோஷாப்பிலும் அது முகநிறத்தையும் ஓரளவு விட்டுவைக்கும். இரண்டு பட்டைகளும் இருக்கும் மென்பொருளில் வைப்ரன்ஸைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். ஆனால் அதற்கும் முன்பு செய்ய வேண்டிய வேலைகள் உண்டு.

வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா?

பட்டுச் சேலைக் கடையில் நிறத்தைத் தீர்மானிப்பதற்கு முன் சேலையை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் விரித்துப் பார்ப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் செய்வது மிகச் சரி. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் கூடக்கூட மஞ்சள் குறைந்து நீலம் ஏறும். பழைய குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 2700 கெல்வின், மஞ்சள். நண்பகல் வெயில் சுமார் 5500. வெயில் படாத நிழலுக்கு நீல வானம்தான் விளக்கு, அங்கே 7000-க்கு மேல் போகும். நம் கண்ணும் மூளையும் இந்த மாற்றங்களைச் சரிக்கட்டிக்கொள்வதால் எங்கே பார்த்தாலும் வெள்ளைத்தாள் வெள்ளையாகவே தெரிகிறது. கேமரா ஊகிக்கத்தான் செய்யும், ஊகம் தவறும். விளக்கொளியில் எடுத்த படம் முழுக்க ஒரு மஞ்சள் ஏறியிருப்பதும், மரநிழலில் எடுத்த முகம் நீலம் பாய்ந்து சோர்ந்து தெரிவதும் இதனால்தான். மயில் கழுத்து, எம்.எஸ். ப்ளூ, அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று நிறத்தின் பெயரைச் சொல்லியே விற்கிற சரக்கை இணையத்தில் விற்பவர்களுக்கு இது வியாபாரத்தையே பாதிக்கும் விஷயம். படத்தில் அரக்காகத் தெரிந்தது வீட்டுக்கு வரும்போது வேறு சிவப்பாக இருந்தால் சேலை திரும்பிவரும்.

சரிசெய்வது எளிது. இதற்கு வைட் பேலன்ஸ் என்று பெயர். ஜிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்தால் மூன்று மைக்குழாய்ப் படங்கள் இருக்கும். நடுவில் இருப்பது சாம்பலுக்கானது. அதை எடுத்து, படத்தில் உண்மையில் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருக்க வேண்டிய ஏதாவது ஓரிடத்தில் கிளிக் செய்யுங்கள். சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர், எவர்சில்வர் பாத்திரத்தின் மங்கலான பக்கம் எதுவும் ஆகும். அந்த இடத்தில் 235, 220, 190 என்று இருந்தால் நீலம் குறைந்து மஞ்சள் தூக்கலாக நிற்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மூன்றும் சமமாகும்படி மென்பொருள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களையும் படம் முழுவதும் மாற்றியமைக்கும். மஞ்சள் திரை விலகியதும் நீலங்கள் நீலமாகவும் பச்சைகள் பச்சையாகவும் தெரிய ஆரம்பிக்கும். சாச்சுரேஷனைத் தொடாமலே படத்தில் நிறங்கள் கூடிவிட்டதாகத் தோன்றும்.

எதைக் கிளிக் செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 255, 255, 255 என்று வெளுத்துப்போன இடத்தில் கிளிக் செய்தால் பயனில்லை. அங்கே தகவலே மிச்சமில்லை. நம் ஊரில் இன்னொரு பொறியும் உண்டு. சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டியும் சட்டையும் கண்ணுக்குப் பளீர் வெள்ளை. ஆனால் உண்மையில் அதில் நீலம் ஏறியிருக்கிறது. அதை வெள்ளை என்று மென்பொருளிடம் சொன்னால் அது நீலத்தைக் கழித்துப் படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை வேட்டியைவிடப் பின்னால் இருக்கும் சுவரே நம்பகமானது.

லைட்ரூம் போன்றவற்றில் கெல்வின் எண்ணுள்ள பட்டை இருக்கும். எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறதே, கெல்வின் கூடினால் நீலம் அல்லவா என்று புதியவர்கள் குழம்புவார்கள். அந்த எண் படம் எடுத்த இடத்தின் வெளிச்சத்தைக் குறிக்கிறது. ‘நான் 7500 கெல்வின் நிழலில் எடுத்தேன்’ என்று நீங்கள் சொன்னால், நிழலின் நீலத்தை ஈடுகட்ட மென்பொருள் மஞ்சளைச் சேர்க்கிறது.

எல்லாப் படத்திலும் வெள்ளையை வெள்ளையாக்கியே தீர வேண்டும் என்பதில்லை. கார்த்திகை தீபத்தன்று எடுத்த அகல்விளக்கு வரிசையில் அந்த மஞ்சள்தான் படமே. ஜிம்ப்பின் ஆட்டோ வைட் பேலன்ஸ் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக விளிம்புவரை இழுத்துவிடும். அதற்கு விளக்கொளி வேண்டியதா வேண்டாததா என்று தெரியாது. அஸ்தமனப் படங்களிலும் அது ஆரஞ்சைத் துடைத்துவிடும். இந்த இரண்டு வகைப் படங்களிலும் ஆட்டோ பொத்தானுக்கு வேலையில்லை என்பது என் தீர்மானம்.

மூட்டத்தைக் கழித்தல்

தூரத்து மலையை, பேருந்தின் கண்ணாடிச் சன்னல் வழியே தெருவை, எதிர்வெயிலில் கோபுரத்தைப் படமெடுத்தால் படத்தின் மேல் ஒரு வெளிறிய படலம் கிடக்கும். லெவல்ஸில் தெரியும் மலைபோன்ற வரைபடத்தைப் பாருங்கள். அதன் பெயர் ஹிஸ்டோகிராம். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. எந்த ஒளிர்வில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதை உயரம் காட்டும். மூட்டமான படத்தில் இந்த மலை நடுவில் குவிந்திருக்கும், இரண்டு ஓரங்களும் காலியாக இருக்கும். படத்தின் மிக இருண்ட இடமே 45-இல் தொடங்கும், மிக வெளிச்சமான இடம் 210-இல் முடிந்துவிடும்.

கீழேயுள்ள கறுப்பு முக்கோணத்தை 45-க்கும் வெள்ளை முக்கோணத்தை 210-க்கும் நகர்த்துங்கள். இப்போது நம் வயல் பிக்சலுக்கு என்ன ஆகிறது? மூட்டம் மூன்று எண்களிலும் சேர்த்துவிட்டிருந்த 45 கழிகிறது: 65, 85, 45. மிச்சமிருப்பது முழு அளவுக்கு விரிகிறது: தோராயமாக 100, 131, 70. முதலில் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் இடையில் 40 இருந்தது, இப்போது 61. பச்சை அடர்ந்துவிட்டது. நிறத்துக்கென்று உள்ள எந்தப் பட்டையையும் நாம் தொடவில்லை. இருட்டு இருட்டாக இல்லாததால்தான் நிறம் வெளிறியிருந்தது. தொடங்குபவர்கள் ஒரே ஒரு கருவியை மட்டும் கற்றுக்கொள்வதாக இருந்தால் நான் லெவல்ஸைத்தான் சொல்வேன்.

முக்கோணங்களை மலையின் அடிவாரம் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மலைக்குள்ளே நகர்த்தினால் நிழல்கள் கறுப்பில் முட்டிக்கொள்ளும். கர்வ்ஸ் என்பது இதே வேலையை நுணுக்கமாகச் செய்யும் கருவி. கோட்டின் கீழ்ப்பகுதியைச் சற்றே தாழ்த்தி மேல்பகுதியைச் சற்றே உயர்த்தினால் ஒளிநிழல் வேறுபாடு கூடும், அதோடு நிறமும் கூடும். சற்றே என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒரு நிறத்தை மட்டும் தொடுவது

மேலே சொன்ன இரண்டையும் செய்த பிறகும் குறிப்பிட்ட ஒரு நிறம் மட்டும் சோர்ந்திருந்தால், ஹ்யூ-சாச்சுரேஷன் பக்கம் போகலாம். ஹ்யூ என்பது சிவப்பா, பச்சையா, நீலமா என்ற நிறத்தின் வகை. நிறங்களை ஒரு வட்டமாக வைத்து 0 பாகையில் சிவப்பு, 60-இல் மஞ்சள், 120-இல் பச்சை, 240-இல் நீலம் என்று கணக்கிடுவது வழக்கம். ஜிம்ப்பில் இந்த வட்டத்தின் ஆறு நிறங்களில் எதை வேண்டுமானாலும் தனியே தேர்ந்தெடுத்து மாற்றலாம்.

வயலைப் பசுமையாக்க நினைப்பவர் பச்சையைத் தேர்ந்தெடுத்து இழுப்பார். படம் அவ்வளவாக அசையாது. காரணம் இருக்கிறது. நம் 110, 130, 90 பிக்சலை வட்டத்தில் வைத்தால் அது விழுவது 90 பாகையில், மஞ்சளுக்கும் பச்சைக்கும் நட்டநடுவில். புல், நாற்று, வாழையிலை, தென்னங்கீற்று எல்லாம் படத்தில் நாம் நினைப்பதைவிட மஞ்சள் கலந்தவை. அதனால் மஞ்சளைத் தேர்ந்தெடுத்து அதன் ஹ்யூவைப் பச்சைப்பக்கம் மிகச் சிறிதளவு நகர்த்திப் பாருங்கள், வயல் உயிர்பெறும். அதிகம் நகர்த்தினால் பாசிபிடித்த பச்சையாகிவிடும். பக்கத்து நிறங்களுக்கு நடுவே வெட்டு விழாமலிருக்க ஓவர்லேப் பட்டையைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

நீல வானத்துக்கு வேறு வழி. அடர்த்தியைக் கூட்டாமல் நீலத்தின் ஒளிர்வை மட்டும் குறைத்தால் வானம் தானே ஆழமாகும். ஜேபெக் படத்தில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான் உண்டு. வானம் போன்ற மெல்லிய ஏற்றஇறக்கத்தை அதிகம் இழுத்தால் படிப்படியாகப் பட்டைகள் தெரியும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் 14 பிட் என்றால் 16,384 படிகள்; எவ்வளவோ தாங்கும். ஜிம்ப் ரா கோப்பை நேரடியாகத் திறக்காது, டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற மென்பொருள் வழியாகக் கொண்டுவர வேண்டும்.

ஒரு நிறத்தைத் தூக்கிக்காட்ட அந்த நிறத்தைத்தான் தொட வேண்டும் என்பதுமில்லை. பாரிஸின் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த வேதியியலாளர் செவ்ரூலிடம் கறுப்பு நூல் சரியாகத் தெரியவில்லை என்ற புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கறுப்பை மங்கவைக்கின்றன என்று அவர் கண்டறிந்தார். 1839-இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். படத்துக்கும் இதுவே பொருந்தும். சிவப்புப் பட்டு எடுபட வேண்டுமா, பின்னாலிருக்கும் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியின் அடர்த்தியைக் குறையுங்கள். கூட்டுவதைவிடக் குறைப்பதில் கிளிப்பிங் ஆபத்தும் இல்லை. மயில் கழுத்துப் பட்டில் பாவும் ஊடையும் வெவ்வேறு நிறம். மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையும் மாறித்தெரிவதுதான் அதன் அழகு. அதன்மேல் அடர்த்தியை ஏற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். சுற்றுப்புறத்தை அடக்குவதே அதற்குச் சரியான வைத்தியம்.

முகங்கள்

மனித முகங்கள், கறுப்போ சிவப்போ மாநிறமோ, நிறவட்டத்தில் பெரும்பாலும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஆரஞ்சுப் பகுதியில்தான் விழும். வித்தியாசம் பெரும்பாலும் ஒளிர்வில்தான். அதனால் கறுத்த முகத்தைத் தெளிவாகக் காட்ட ஆரஞ்சின் ஒளிர்வை மொத்தமாக ஏற்றிவிடுவது பல செயலிகளின் குறுக்குவழி. விளைவு, சாம்பல் பூத்த முகம். கன்னத்தின் பளபளப்பும் நிழலும் போய்விடும். கறுத்த சருமத்தின் அழகே அந்தப் பளபளப்பில் இருக்கிறது. இதில் பழைய ஓர் அநீதியும் சேர்ந்திருக்கிறது. ஃபிலிம் காலத்தில் அச்சுக்கூடங்கள் நிறத்தைச் சரிபார்க்க ‘ஷெர்லி’ அட்டை என்ற ஒன்றை வைத்திருந்தன; அதில் பல பத்தாண்டுகள் இருந்தவர்கள் வெள்ளைத்தோல் பெண்கள் மட்டுமே. கறுத்த முகங்கள் சரியாக வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

முகத்துக்கு நான் சொல்வது இது. வைட் பேலன்ஸைச் சரிசெய்து நீலத்தை எடுத்துவிடுங்கள். முகம் இருட்டாக இருந்தால் லேயர் மாஸ்க் (மாற்றம் எங்கே விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) போட்டு அந்த இடத்தில் மட்டும் கர்வ்ஸின் நடுப்பகுதியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நிறத்தை வெளுக்கவைக்கும் எதையும் தொடாதீர்கள். அந்த முகம் அவருடையது.

வேலை செய்யும்போதும் முடிக்கும்போதும்

கணினியிலோ கைப்பேசியிலோ இரவுநேரத்தில் திரையை மஞ்சளாக்கும் வசதி போட்டிருந்தால் எடிட்டிங்குக்கு முன் அணைத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு சரிசெய்த படம் மறுநாள் நீலமாகத் தெரியும். கண்ணும் பழகிப்போகும், கால் மணிநேரம் ஒரே படத்தைப் பார்த்தபின் எவ்வளவு நிறமும் போதாததுபோல் இருக்கும். எழுந்துபோய் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து பாருங்கள். மூலப்படத்தின் மேல் நேரடியாக வேலை செய்யாமல் லேயரை நகலெடுத்துக்கொண்டு செய்தால் திரும்பிவர வழியிருக்கும். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0-இல் இந்தத் திருத்தங்களைப் பின்னர் திறந்து மாற்றும் வசதியும் வந்துவிட்டது.

சேமிக்கும்போது வேலைக்கோப்பை ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப்பில் தனியே வையுங்கள். இணையத்துக்குப் போகும் நகலை எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றுங்கள். எந்த எண் எந்த நிறத்தைக் குறிக்கிறது என்ற வரையறைதான் நிறவெளி. 1996-இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த இந்த நிறவெளிதான் இணையத்தின் பொதுமொழி. அடோபி ஆர்ஜிபி என்ற வேறொரு நிறவெளியில் விட்டுவிட்டால், நிறவெளியைக் கவனிக்காத செயலிகளில் படம் வெளிறித் தெரியும், செய்த வேலை வீண். ஜேபெக் தரத்தை 90-க்குக் கீழே இறக்க வேண்டாம். மேம்பட்ட அமைப்புகளில் சப்சாம்ப்ளிங் என்று ஒரு தேர்வு இருக்கும். அங்கே 4:4:4-ஐத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கோப்பின் அளவைக் குறைக்க நிறத்தகவலை மட்டும் பாதியாகவோ காலாகவோ சுருக்கிவிடும்; சிவப்புச் சேலையின் ஜரிகைக்கரை ஓரங்களில் நிறம் கசிந்து கலங்கித் தெரிவது அதனால்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும். வாடிக்கையாளருக்குச் சேலையின் நிறம் சரியாகப் போய்ச்சேர வேண்டுமென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.